மார்சியல் வாங்கிய கோப்பை

சான் கிறிஸ்தோபல்
உயிர்த்தெழுதல் பண்டிகைக்குப் பின் இரண்டாம் செவ்வாய்

அன்புள்ள மகள் லோயிதாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம். நீயும் அந்தக் குளிர்நாட்டில் சுகமாயிருக்க வேண்டும் என்று காலைதோறும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம், சென்ற சில வாரங்களிலும் அதை நான் நிறுத்தவில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் துணி காயப்போடத் தினமும் ஏறுகிறாள், கேட்டால் டாக்டர் வந்து காயப்போடுவாரா என்கிறாள். உன் தம்பி அசாயெல் பல் மருத்துவப் பரீட்சையை முடித்துவிட்டு வந்திருக்கிறான், வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் சன்னலோரம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்கிறான், விருந்தினர் வரத்து குறைந்திருக்கிறது. சபைக் கட்டடத்தின் கூரைத் தகரத்தை மாற்றியாயிற்று. நீ அனுப்பிய சாக்லேட் வந்து சேர்ந்தது. இவ்வளவும் ஒரு கடிதத்தில் இருக்க வேண்டியவை என்பதால் எழுதினேன். நீ தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாளாம். நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. எதிரே நாற்காலியில்தான் இருந்தேன். என் குரல் எப்படி வெளிவரும் என்று எனக்குத் தெரியும், அதை நீ கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆகையால் கையால் எழுதுகிறேன், அம்மா பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். பிள்ளையை ரொம்ப வையாதீர்கள், தனியாகக் கிடக்கிறாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் வையப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் போகிறேன், அது போதும்.

யாஷ்விட்ஸ் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் உன் அறிக்கையைப் படித்தபிறகு எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அங்கே தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. அந்த ஊற்றுக்குப் பரிசுத்த சிலுவைத் திருநாளன்று பூசையும் வாணவெடியும் மேளமும் கரும்புச் சாராயமும் உண்டு, அதற்கு எல்லா வீட்டாரும் வரி கொடுக்க வேண்டும், கொடாதவனுக்கு ஊற்றில் பங்கில்லை என்பது ஊர் வழக்கம். மார்சியலும் அவன் இரண்டு மைத்துனர்களும் சுவிசேஷ சபையில் சேர்ந்தார்கள். வாணவெடிக்கும் சாராயத்துக்கும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்று வீட்டுக் குழாயையும் அடைத்தார்கள். அது அநியாயம், சட்டவிரோதம், பிள்ளைகளின் வாய்த் தண்ணீரை வைத்து ஒருவனுடைய விசுவாசத்தை விலை பேசுவது, இதை நான் நீதிமன்றத்திலும் சொன்னேன், ஊர்க்கூட்டத்தில் அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொன்னேன், இந்தக் கடிதத்தில் அவர்களுக்காக நான் ஒரு வார்த்தை கூட வக்காலத்து வாங்கவில்லை என்பதை நினைவில் வை. நீதிமன்ற உத்தரவு நமக்குச் சாதகமாகவே வந்தது. அதை நான் கொண்டுபோய் வாசித்தபோது ஊர்த்தலைவர் தோன் கிறிசோஃபரோ மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார், முடிந்ததும், "நல்ல தாளு வக்கீலய்யா, கெட்டியா இருக்கு. இதைக் குழாய்க்குள்ள சுருட்டி வச்சா தண்ணி வருமா?" என்றார். கூட்டம் சிரித்தது. மறுபடி நான் ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். நீ அப்போது கல்லூரியில் இருந்தாய், சனிக்கிழமைகளில் அப்பா எங்கே போகிறார் என்று கேட்பாய், அங்கேதான் போனேன்.

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே மனிதர் தோன் எவரிஸ்தோ. கத்தோலிக்கர், தண்ணீர்க் குழுவில் ஒருவர், சிலுவைத் திருநாளில் ஊற்றுக்குத் தூபம் போடுகிறவர். குழாயை அடைக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய், கொல்லைக் குழாயில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி வேலிக்கு மேலாகப் போட்டு வைத்தார், மார்சியலின் மனைவி ரூபெர்த்தா அதில் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில் பிடித்தாள். ஊர் முழுவதற்கும் தெரியும். கிறிசோஃபரோவின் மனைவி அந்த வழியாக ஆடு ஓட்டிப் போகும்போது, "எவரிஸ்தோ தோட்டம் ரொம்பத் தண்ணி குடிக்குது போல" என்று சொல்லிவிட்டுப் போவாளாம். யாரும் அதைக் கூட்டத்தில் எழுப்பவில்லை. எழுப்பாதவரையில் அது நடக்கவில்லை என்றே அந்த ஊரில் பொருள். நம் ஆட்கள் அப்படித்தான், நீயும் அதில் வளர்ந்தவள்தான், உன் பெரியம்மா வீட்டை விட்டு ஓடிப்போய் மணந்துகொண்ட கதையை நம் வீட்டில் இன்றுவரை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா.

இந்த எவரிஸ்தோதான் வழி கண்டுபிடித்தார். வரிக்குப் பதில் வேலை. திருநாளுக்கு முன் ஊற்றுத் தொட்டியைக் கழுவுவதும் சேறு வாருவதும் உடைந்த குழாய்களை மாற்றுவதும் மூன்று வீட்டாரின் பொறுப்பு, சாராயத்துக்கும் வெடிக்கும் அவர்கள் ஒரு பெசோ கூடத் தர வேண்டாம். புது அதிகாரிகள் பொறுப்பேற்கும் சனவரிக் கூட்டத்தில் இதை முடித்தார்கள். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய், நானும் வருகிறேன் அப்பா என்றாய், உன்னைக் கூட்டிப்போனேன். நீயே பார்த்தாய். அங்கே ஒப்பந்தத்தை யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை, ஒரே ஒரு சிறு கண்ணாடிக் கோப்பை பதவி வரிசைப்படி எல்லாருடைய கைக்கும் போகிறது, வாங்கிக் குடித்தவன் வார்த்தை கொடுத்தவன். சபையார் சாராயம் தொடுவதில்லை. ஆகவே மார்சியலின் முறை வரும்போது கோப்பையில் கோலாவை ஊற்றுவது என்று எவரிஸ்தோ சொன்னார். அதற்கு ஒரு மதியம் முழுவதும் வாதம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். "கறுப்பா இருக்கே, சாமிக்கு ஆகுமா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "நீ காலைல குடிக்கிற காப்பியும் கறுப்புதான், அதைக் குடிச்சுட்டுத்தானே சாமி முன்னால வந்து நிக்கிறே" என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் ஆகும் என்றார்கள். எவரிஸ்தோ ஊற்றினார், மார்சியல் வாங்கினான், கிறிசோஃபரோவின் கண்ணைப் பார்த்துக் குடித்தான், அன்று மாலையே குழாய் திறந்தது. அதைச் செய்து முடிக்க நான் எத்தனை சனிக்கிழமை அந்த மலை ஏறினேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

குழாய் திறந்த மகிழ்ச்சியில் மார்சியல் உன்னிடம் வந்து பேசினான். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆகையால் அவன் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுத முடியும். "எங்கிட்ட அநியாயம் பண்ணிட்டாங்க சிஸ்டர், கட்டாயப்படுத்திக் குடிக்க வச்சுட்டாங்க. எனக்கு ஆரஞ்சுதான் பிடிக்கும், இவங்க கோலாவை ஊத்திட்டாங்க." கிறிசோஃபரோவே சிரித்தார். அடுத்த தடவை ஆரஞ்சு வாங்கி வைக்கிறோம்டா என்று முதுகில் ஒன்று வைத்தார். நீயும் சிரித்தாய். உன் படக்கருவி உன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறவர்களுக்குக் குரல் கொடுக்கும் உங்கள் அலுவலகம், மார்ச் மாத மனித உரிமைக் கூட்டத்துக்காக வெளியிட்ட அறிக்கையில் ஒரு முழுப் பக்கத்துக்கு மார்சியலின் படம் இருக்கிறது, கோப்பை உதட்டில். கீழே, சடங்கில் கலந்துகொண்டு மது அருந்தக் கட்டாயப்படுத்தப்பட்ட கிறிஸ்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். அவனுடைய சொந்த வாக்குமூலமாக மேற்கோள் குறிக்குள், கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்துவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கிறது. ஆரஞ்சு இல்லை, கோலா இல்லை, குழாய் திறந்தது இல்லை. அடுத்த பக்கத்தில் தோன் எவரிஸ்தோவின் முழுப்பெயரும் ஊரும் படமும், ஊர்த் தடையை மீறி இரகசியமாகத் தண்ணீர் கொடுத்து வந்த நல்ல சமாரியர் என்ற தலைப்போடு. வெட்டியது நான் இல்லை, பதிப்பாசிரியர் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பக்கத்தின் அடியில் இருக்கும் பெயர் உன் பதிப்பாசிரியருடையது இல்லை. அது நான் உனக்கு வைத்த பெயர். தன் பேரனுக்கு உள்ளதை உள்ளபடி கற்றுக்கொடுத்தவள் என்று வேதத்தில் ஒரே ஒரு வசனத்தில் வருகிற பெண்ணின் பெயர், தேடித்தான் வைத்தேன்.

அறிக்கை உங்களூர் அலமாரியில் இருந்துவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. டென்னசியில் தக்காளி பறிக்கப் போயிருக்கும் யாஷ்விட்ஸ்காரன் ஒருவனுக்கு அங்குள்ள ஒரு சபையார் அதைக் காட்டியிருக்கிறார்கள், இவன் உன் ஊர்தானே, உங்களுக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம் என்று. அவன் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறன்று ஊர் கூடியது. கிறிசோஃபரோ தொலைபேசியை மேசைமேல் வைத்து எல்லாரையும் ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார், பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மார்சியலைப் பார்த்து, "உன் வாயைப் பிடிச்சு ஊத்தினோமா?" என்று கேட்டார். இல்லை என்றான். "கோப்பையில என்ன இருந்துச்சு?" கோலா என்றான். "அப்ப இது என்ன?" சிரிப்புக்குச் சொன்னேன் என்றான் மார்சியல். கிறிசோஃபரோ தொலைபேசியை அவன் கையில் கொடுத்து, "சிரிப்பு இதுல எந்த இடத்துல இருக்குன்னு படிச்சுக் காட்டு, நாங்களும் சிரிக்கிறோம்" என்றார். வாங்கிக் குடித்த கோப்பையைப் பின்னால் பழித்தவன் அதைக் காறித் துப்பியவன், துப்பிய கோப்பையில் செய்த ஒப்பந்தம் இல்லை என்பது அவர்கள் வழக்கம். மூன்று குழாயும் அன்றே அடைபட்டன. எவரிஸ்தோவை ஊர்ச் சிறையில் போட்டார்கள். தண்ணீர் கொடுத்ததற்காக இல்லை, அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. ஊரே கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒன்றை உலகத்துக்குச் சொல்லி ஊரை முட்டாளாக்கியதற்காக. வெளியே விட்டபோது தண்ணீர்க் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள், அவர் வீட்டுக் குழாயும் அடைபட்டிருந்தது, தூபக்கலசத்தை வேறொருவன் வாங்கிப் போய்விட்டான். நான் போய்ப் பார்த்தேன். என்னை உட்காரவைத்துச் சோளமாவில் பொசோல் கரைத்துக் கொடுத்தார், இரவல் தண்ணீரில். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததும் கையை அசைத்து நிறுத்தினார். "நான் என் தண்ணியைக் கொடுத்தேன். உங்க பொண்ணு என் பேரைக் கொடுத்துட்டா. இனிமே எங்கிட்டக் கொடுக்க ஒண்ணும் இல்ல வக்கீலய்யா, குடிச்சுட்டுப் போங்க." இதைத்தான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. இது உன் அடுத்த அறிக்கைக்கு ஆகுமா பார்.

இப்போது உன் பக்கத்தைச் சொல்கிறேன், அதைக் கேளாமல் தீர்ப்பெழுதினேன் என்று நீ சொல்லக் கூடாது. இந்த அறிக்கையால் மூன்று தூதரகங்கள் கேள்வி கேட்டன என்று அம்மாவிடம் சொன்னாய். கேட்டன. அதன் பலனாக மாநில அரசிலிருந்து ஒரு துணைச் செயலரும் ஒரு தண்ணீர் லாரியும் ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள். லாரியிலிருந்து தொட்டிகளை நிரப்பும்போது படம் எடுத்தார்கள், திரும்பிப் போனார்கள், லாரியும் போயிற்று. தூதரகங்களுக்குப் பதில் போயிருக்கும், பிரச்சினை கவனிக்கப்பட்டது என்று. உலகத்துக்குத் தெரிய வேண்டும் அப்பா என்று நீ எப்போதும் சொல்வாய். உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ரூபெர்த்தா கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறுகிறாள், ஓடைத் தண்ணீர் குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நான்தான் காரில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், இன்னும் ஒரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியிலிருந்து எழுப்பும் குரலை நான் இகழவில்லை. அந்தக் குரலால் சிறைக்கதவு திறந்த போதகர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காக நானும் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உன்னை அந்த வேலைக்குப் போ என்று சொன்னதும் நான்தான். அரசாங்கம் பூட்டிய கதவை அரசாங்கங்கள் தட்டித் திறக்கலாம். இங்கே கதவைப் பூட்டியவனும் பூட்டப்பட்டவனும் ஒரே வேலிக்கு இருபுறம் குடியிருக்கிறார்கள், நாளைக்கும் இருக்கப் போகிறார்கள், திறந்தும் இருந்தது, நீங்கள் அதைத் திறக்காததாகச் சொல்லித் திரும்பப் பூட்ட வைத்தீர்கள். திறந்த குழாய்க்கு உங்கள் கூட்டத்தில் இடமில்லை போலும்.

இதற்கெல்லாம் பிறகு, பெரிய வெள்ளிக்கிழமை அன்று, உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. செப்டம்பர்க் கூட்டத்தில் சாட்சி சொல்ல ரூபெர்த்தாவை அழைத்துவர விரும்புகிறார்களாம், அவளுக்குக் கடவுச்சீட்டு எடுக்க நான் உதவ வேண்டுமாம். கூடவே அவள் தண்ணீர் சுமக்கும் படம் ஒன்று வேண்டுமாம், முடிந்தால் குழந்தையோடு. முடிந்தால் குழந்தையோடு என்ற இரண்டு சொல்லையும் பலமுறை படித்தேன். அதை எழுதியது நீயில்லை என்று நம்ப விரும்புகிறேன், நகல் உனக்கும் வந்திருக்கிறது, நீ ஒன்றும் எழுதவில்லை. அழைப்பை மறைப்பது முறையல்ல என்பதால் ரூபெர்த்தாவிடம் போய்ச் சொன்னேன். "அந்த ஊர்ல தண்ணி இருக்காண்ணா?" என்று கேட்டாள். பெரிய ஏரியே இருக்கிறது என்றேன். "அப்ப குடத்தோட வர்றேன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு சிரிப்பை விட்டு, "நான் அங்க போய் ஊரைப் பத்திப் பேசிட்டு வந்தா, இங்க இறங்க எனக்கு வீடு இருக்குமா?" என்றாள். இருக்காது என்றேன். உங்கள் அலுவலகத்துக்கு இதுவே பதில், தனியாக எழுதப் போவதில்லை.

சென்ற ஞாயிறு மறுபடி ஊர் கூடியது, என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது, குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் யார் மேல் என்ன வழக்குத் தொடுப்பேன் என்று பெயர் சொல்லி, நிதானமாகச் சொன்னேன். எப்போதும்போல் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்தபின் கிறிசோஃபரோ எழுந்தார். சிலுவைத் திருநாள் வரைக்கும் பொறுப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் மூன்று வீட்டுச் சாமான்களையும் லாரியில் ஏற்றி நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது என்றார். அந்த லாரி எனக்குத் தெரியும் லோயிதா. உன் தாத்தாவின் சாமான்கள் ஏறிய லாரியில் நானும் ஏறினேன், நாம் இன்றைக்கு இருக்கும் இந்தக் குடியிருப்பு அப்படி இறக்கிவிடப்பட்டவர்கள் கட்டியது, இங்கே இனி இடமும் இல்லை. எப்படிச் சரியாக வேண்டும் என்று கேட்டேன். நான் அவர்கள் சார்பில் மறுப்பு எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன் என்றேன். "வார்த்தையைக் கெடுத்த வாய்தான் அதை நேராக்கணும்" என்றார் அவர். "உங்க வாய் வேற, அவ வாய் வேற. அந்தப் பொண்ணு எங்க கூட்டத்துல உக்காந்து எங்க தமாலேயைத் தின்னா. திருநாள் அன்னிக்கு ஊத்துக்கிட்ட வந்து நிக்கட்டும். கோப்பையில என்ன இருந்துச்சு, மார்சியல் என்ன சொன்னான், எவரிஸ்தோவுக்கும் அவளுக்கும் என்ன பேச்சு இருந்துச்சு, எல்லாத்தையும் அவ வாயால சொல்லட்டும். சொன்னா கோப்பை நிக்கும். குழாய் திறக்கும்." ஒரு குரல் பின்னாலிருந்து, "கடல் தாண்டிப் போனவ இந்தச் சேத்துக்குத் திரும்பி வருவாளாக்கும்" என்றது. கிறிசோஃபரோ அந்தப் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்து, "வருவாளா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றே மனத்தில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். வருவாள் என்றேன். அதற்குப் பிணை வேண்டும் என்றார்கள், கோப்பையை ஊற்றி மேசைமேல் வைத்தார்கள். பிணை நின்றவன் வார்த்தை தவறினால் அதன் பிறகு அந்த ஊரில் அவன் பேச்சு ஏறாது, ஊர் எல்லைக்குள் யாருக்காகவும் அவன் வாய் திறக்க முடியாது. எவரிஸ்தோ எழுந்தார், நான் நிக்கிறேன் என்று. இழந்தது போதாதென்று எழுந்தார். அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நான் முன்னால் போனேன். யாரோ கோலாப் புட்டியை எடுத்தார்கள். கிறிசோஃபரோ தடுத்தார். கோலா சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டது, பிணைக்கு ஒத்துக்கொண்டது இல்லை என்றார், அவர் சொன்னதில் தவறில்லை, பிணையைப் பற்றி நாங்கள் சனவரியில் பேசவே இல்லை. நான் நம் சபையில் மூப்பன். ஐம்பத்தாறு வயதுவரை அந்தச் சாராயம் என் நாக்கில் பட்டதில்லை. மார்சியல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கோப்பையை எடுத்தேன், கிறிசோஃபரோவின் கண்ணைப் பார்த்துக் குடித்தேன். தொண்டை எரிந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இதை நீ முழுவதுமாக மேற்கோள் காட்டலாம். வருகிற ஞாயிறு மூப்பர் சங்கத்தில் எழுந்து நானே சொல்லப் போகிறேன், அவர்கள் என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கினால் நீக்கட்டும். அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள் என்றாள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் துஷ்ட்லா விமான நிலையத்தில் இறங்கு, அசாயெல் வந்து கூட்டிவருவான், வண்டியில் வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காதே. அலுவலகத்திலிருந்து யாரையும் உன்னோடு கூட்டிவராதே. விடுப்புத் தர மாட்டோம் என்றால் வேலையை விட்டுவிட்டு வா, அந்த வேலை இந்த மூன்று வீட்டைவிடப் பெரியதில்லை. படக்கருவி வேண்டாம். பரிசுப் பொருள் எதுவும் வாங்காதே, ரூபெர்த்தாவின் குழந்தைக்குக்கூட. ஊரில் பாவாடையும் கம்பளிச் சால்வையும் போட்டுக்கொள், மலையில் மழை தொடங்கியிருக்கும். அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். மனித உரிமையைப் பற்றி அங்கே ஒன்றும் பேசாதே, அதை நான் பேசுகிறேன், அதற்கு எனக்கு அங்கே இன்னும் பேச்சு இருக்க வேண்டும். அறிக்கையில் என்ன விடுபட்டது என்று நீயே சொல், யார் வெட்டியது என்று சொல்லாதே, அதைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். எவரிஸ்தோவிடம் தனியே போய்ப் பேசு, நான் கூட வர மாட்டேன். உனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவார்கள், அதில் என்ன இருக்க வேண்டும் என்று நீயே அவர்களிடம் கேட்டு முடிவு செய்துகொள், உனக்கு முப்பது வயது ஆகப் போகிறது.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் அனுப்புகிறாள், நடைப்பயணத்துக்கு ஏற்ற செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள், நீ வருவாய் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, உன் கட்டிலுக்கு இப்போதே விரிப்பு மாற்றிவிட்டாள். நீ வருவதானால் எந்த விமானம் என்று அவளுக்கு எழுது. வரப்போவதில்லை என்றால் அதை எனக்கு எழுத வேண்டாம். திருநாள் காலையில் ஊற்றருகே அவர்களோடு நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர்கள் தெரிந்துகொள்ளும் நேரத்தில் நானும் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்தியாஸ் லூனா ஷிலோன்